நாலாவது கோச்சுக்குச் சம்பளம் பூஜ்யம்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் பெரிய ஆளான கோச் யாரைப் பேட்டி எடுத்தாலும் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். ஆரம்பத்தில் சம்பளமே கிடையாது, நண்பன் வீட்டு சோபாவில் படுத்தேன், சிறுவர் முகாம்களில் பந்து பொறுக்கிப் போட்டுச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தேன், இன்றைக்கு இங்கே நிற்கிறேன்... இந்த ரீதியில் போகும். கேட்கிறவர் உருகுவார். படிக்கிறவரும் உருகுவார். எனக்கு மட்டும் எரிச்சல்தான் வரும். ஏனென்றால் அது தியாகக் கதையே இல்லை. அந்த சோபாவுக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. காசு புரளும் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக உட்கார்ந்து, இந்த வேலைக்கு நம்மில் ஒருத்தரும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது என்று எழுதி வைத்துக்கொண்ட விதி.

பேஸ்பால் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. என்.சி.ஏ.ஏ. என்பது அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற அமைப்பு. அதன் முதல் பிரிவில் சுமார் 300 கல்லூரிகள் பேஸ்பால் ஆடுகின்றன. பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து, ஜூனில் ஒமாஹா நகரத்தில் நடக்கும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸோடு சீசன் முடியும். வழக்கமான ஆட்டங்களே 56 வரைக்கும் உண்டு. இத்தனைக்கும் 2023 ஜூன் வரை ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட கோச்சுகள் நாலே பேர். ஒரு ஹெட் கோச், சம்பளம் வாங்கும் அசிஸ்டெண்ட்கள் இரண்டு பேர், நாலாவதாக 'வாலண்டியர் அசிஸ்டெண்ட்' என்று ஒருவர். 13 பேருக்கு ஸ்காலர்ஷிப் தரும் பாஸ்கெட்பாலுக்கே ஹெட் கோச் போகச் சம்பளத்தோடு மூன்று அசிஸ்டெண்ட் இருந்தார்கள். 35 பையன்களை மேய்க்கும் பேஸ்பாலுக்கு இரண்டு. கணக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்.

சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் பிட்சிங் கோச். கிரிக்கெட்டின் பௌலிங் கோச் மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரி ஆட்டத்தில் அடுத்த பந்து என்ன, எங்கே என்பதையே பெரும்பாலும் டக்அவுட்டில் உட்கார்ந்து இவர்தான் தீர்மானிப்பார். 2022-லிருந்து அதை கேட்சருக்கு அனுப்ப எலக்ட்ரானிக் கருவிக்கும் அனுமதி உண்டு. இன்னொருவர் ரெக்ரூட்டிங் கோஆர்டினேட்டர். ஊர் ஊராக அலைந்து பள்ளிக்கூடப் பையன்களைப் பார்த்து, அப்பா அம்மாவிடம் பேசி இழுத்து வருகிறவர். நம்மூர் பாஷையில் சொன்னால் பிள்ளைபிடிக்காரர் :) பேட்டிங் பயிற்சியும் பல இடங்களில் இவர் தலையில்தான்.

அப்புறம் நம் கதாநாயகன், நாலாவது ஆள். பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குத் தோள் கழன்று போகிற அளவுக்குப் பந்து போடுவார். இன்ஃபீல்டர்களுக்கு நூற்றுக்கணக்கில் தரைப்பந்து அடித்துக் கொடுப்பார். கேட்சர்களையோ அவுட்ஃபீல்டர்களையோ தனியாகப் பார்த்துக்கொள்வார். ஆட்டத்தில் முதல் பேஸ் பக்கத்தில் போய் நிற்பார். மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பார். வெளியூர்ப் பயணம் எல்லாவற்றிலும் பஸ்ஸில் கூடவே வருவார். ஆனால் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தரக்கூடாது. வெளியூர் போய்ப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிற வேலையும் தரக்கூடாது. அதாவது பதவி உயர்வுக்கு எந்த வேலை முக்கியமோ, அதைக் கற்றுக்கொள்ளவும் வழி கிடையாது. கோடை முகாமில் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம். முகாம் யாருடையது? பெரும்பாலும் ஹெட் கோச்சுடையது. ஆக, சாப்பாடு யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது தானாக வளர்ந்த பழக்கம் என்று ஜல்லியடிப்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்துகிறேன். செலவைக் குறைக்கிறோம் பேர்வழி என்று 1990-களின் ஆரம்பத்தில் என்.சி.ஏ.ஏ. ஒரு புதுப் பதவியைக் கண்டுபிடித்தது. பெயர் 'ரெஸ்ட்ரிக்டட் எர்னிங்ஸ் கோச்'. கல்வியாண்டில் 12,000 டாலர், கோடையில் 4,000 டாலர், அதற்கு மேல் ஒரு கல்லூரியும் தரக்கூடாது. பாஸ்கெட்பால் கோச்சுகள் கோர்ட்டுக்குப் போனார்கள், மற்ற விளையாட்டுக் கோச்சுகளும் சேர்ந்துகொண்டார்கள். போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை நிர்ணயம் செய்வது சட்ட விரோதம் என்று 1995-ல் தீர்ப்பு வந்தது, 1998-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஜூரி விதித்த நஷ்ட ஈடு சட்டப்படி மும்மடங்காகி சுமார் 6.7 கோடி டாலரில் போய் நின்றது. கடைசியில் 1999-ல் 5.45 கோடிக்கு சமரசம் செய்துகொண்டார்கள்.

இதிலிருந்து ஒரு மனிதன் என்ன பாடம் கற்றுக்கொள்வான்? சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கக்கூடாது என்று. என்.சி.ஏ.ஏ. கற்றுக்கொண்டது வேறு போலிருக்கிறது. 16,000 என்று உச்சவரம்பு வைத்தால்தானே தப்பு? பூஜ்யம் என்று வைத்து, 'வாலண்டியர்' என்று பெயர் சூட்டிவிட்டால் அது சேவை! பேஸ்பாலில் அந்தப் பூஜ்யம் 2023 வரைக்கும் உயிரோடு இருந்தது.

சரி, பூஜ்யத்தில் யாரால் வாழ முடியும்? என் கோபமே இங்கேதான். பேஸ்பாலில் முழு ஸ்காலர்ஷிப் என்பது அபூர்வம். 2025-க்கு முன்னால் ஓர் அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். மிச்சக் கட்டணத்தை வீட்டிலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும். ஆக, இந்த விளையாட்டில் ஆடி முடித்து வெளியே வருகிறவன் கையில் கடன் பத்திரம் இருப்பது சகஜம். அவனிடம் போய், 'கோச் ஆகணுமா? இரண்டு மூன்று வருஷம் சும்மா வேலை செய்' என்றால் என்ன அர்த்தம்? அப்பா பணம் அனுப்புகிறவன் வரலாம், மனைவி சம்பாதிக்கிறவன் வரலாம், மற்றவன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அர்த்தம்.

உடனே டோனி விடெல்லோவைக் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் அழைப்பு இல்லாமல் தானாகப் போய் அணியில் சேர்ந்தவர். அங்கேயே அசிஸ்டெண்ட், பிறகு டெக்சஸ் கிறிஸ்டியனில், பிறகு ஆர்கன்சாவில் என்று மூன்று இடங்களில் கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் அசிஸ்டெண்டாகவே இருந்தார். 2017-ல் டென்னசி ஹெட் கோச், 2024-ல் தேசிய சாம்பியன், அதற்கப்புறம் வருஷத்துக்கு 30 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கே மேனேஜர். தொழில்முறை பேஸ்பாலில் ஆடாத, வேலையும் பார்க்காத ஒருவர் கல்லூரியிலிருந்து நேராக மேஜர் லீக் மேனேஜர் ஆனது அதுவரை நடக்காத சமாச்சாரம். அவர் திறமை மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் அப்பா செயின்ட் லூயிஸில் பேர்பெற்ற பள்ளிக்கூட கோச் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

விடெல்லோ கிளம்பியதும் டென்னசியில் அவர் நாற்காலிக்கு வந்தவர் ஜாஷ் எலாண்டர். விடெல்லோ டெக்சஸ் கிறிஸ்டியனில் அசிஸ்டெண்டாக இருந்தபோது அங்கே கேட்சர். 2012-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் எடுத்தார்கள், மேஜர் லீக் வரை போக முடியவில்லை. 2017-ல் ஆர்கன்சாவில் வாலண்டியர் கோச், அப்போது அங்கே அசிஸ்டெண்ட் யாரென்றால், விடெல்லோ! அடுத்த சீசனிலிருந்து அவரோடு டென்னசியில். எரிக் பாகிச் கதையும் இதே ஜாடைதான். 2002-ல் கிளெம்சனில் வாலண்டியர், அங்கே அசிஸ்டெண்டாக இருந்த டிம் கார்பின் வாண்டர்பில்ட்டுக்கு ஹெட் கோச்சாகப் போனதும் கூடவே போனார். அப்புறம் மேரிலாண்ட், மிச்சிகன். 2019 இறுதியில் அதே கார்பினோடு மோதித் தோற்றார். இப்போது கிளெம்சனுக்கே ஹெட் கோச்.

அழகான கதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் வாசலைத் திறந்துவிட ஒரு தெரிந்த முகம் நிற்கிறது. சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பதென்றால் நாலு பேரை அழைத்துப் பேச வேண்டும், ஏன் இவரை எடுத்தாய் என்று யாராவது கேட்பார்கள். சும்மா வருகிறவனை எடுக்க யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? பழைய மாணவனுக்கு ஒரு போன் போதும். அடுத்த பத்து வருஷத்து ஹெட் கோச்சுகள் உருவாகிற இடத்துக்கு ஆள் எடுத்த லட்சணம் இது.

சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் 1932-ல் உருவானது. கல்லூரி பேஸ்பாலில் இன்றைக்கு அதுதான் ராஜ்ஜியம். அங்கே ஒரு கறுப்பினத்தவர் முதன்முதலாக பேஸ்பால் ஹெட் கோச் ஆனது எப்போது தெரியுமா? 2023-ல், மிசௌரியில், கெரிக் ஜாக்சன். 91 வருஷம்! இதற்குச் சம்பளமில்லாத முதல் படி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது போங்கு. தெற்கு மாநிலங்களின் நிறவெறி வரலாறு இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே காசைக் கரைக்கும் கிளப் பேஸ்பால் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே குறுகலாக இருந்த வாசலில், உள்ளே வர வீட்டுக்காசு கொண்டு வா என்று போர்டு மாட்டியது யார்?

அடுத்த சப்பைக்கட்டு, சின்னக் கல்லூரிகளிடம் பணம் இல்லையே என்பது. இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். விதி குறைந்தபட்சச் சம்பளம் பேசவில்லை, அதிகபட்சம் பேசியது. பணம் இல்லாதவன் கொடுக்காமல் இருக்க விதி எதற்கு? இருக்கிறவன் கொடுத்துவிடக்கூடாது என்பதற்குத்தான் விதி.

இருக்கிறவனிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு வெஸ் ஜான்சன் சாட்சி. மிசிசிப்பி ஸ்டேட், ஆர்கன்சா என்று பிட்சிங் கோச்சாக இருந்தவரை, 2018 இறுதியில் மினசோட்டா ட்வின்ஸ் நேராகக் கல்லூரியிலிருந்து மேஜர் லீக்குக்குத் தூக்கியது. 2022 ஜூனில், அணி தன் டிவிஷனில் முதலிடத்தில் இருக்கும்போதே, சீசன் நடுவில் ராஜினாமா செய்துவிட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஆண்டுச் சம்பளம் ஏழரை லட்சம் டாலர் என்றார்கள், ட்வின்ஸ் கொடுத்ததைவிட வெகு அதிகம். மேஜர் லீக்கிலிருந்து ஆளை விலைக்கு வாங்குகிற கல்லூரி! 2023-ல் பால் ஸ்கீன்ஸின் வேகப்பந்தோடு அவர்கள் சாம்பியன். அதே சீசனில், அதே அணியின் நாலாவது கோச்சுக்கு விதி அனுமதித்த சம்பளம் பூஜ்யம். அடப்பாவிகளா என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

திருந்த வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. மூன்றாவது அசிஸ்டெண்டுக்குச் சம்பளம் தரலாம் என்ற தீர்மானம் 2019 ஏப்ரலில் முதல் பிரிவு கவுன்சிலுக்கு வந்தது. தோற்கடித்தார்கள். 2021-ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் முன்னாள் வாலண்டியர் பேஸ்பால் கோச்சுகள் இருவர் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் ஓட்டுப் போட்டு, ஜூலை 1 முதல் வாலண்டியர் பதவியே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். நாலு வருஷம் முன்னால் முடியாதது இப்போது எப்படி முடிந்ததாம்? பேஸ்பால் மேல் திடீர்ப் பாசமா? :)

அந்த வழக்கு 2025-ல் 4.92 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மற்ற விளையாட்டுகளின் வாலண்டியர் கோச்சுகள் போட்ட இன்னொரு வழக்கில் 30 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கப் போட்டிச் சட்டத்தில் நாலு வருஷக் காலவரம்பு உண்டு. ஆகவே பேஸ்பால் பணம் 2018 நவம்பருக்குப் பிறகு உழைத்தவர்களுக்குத்தான். அதற்கு முன்னால் கால் நூற்றாண்டு பந்து போட்டவர்களுக்கும் தார்ப்பாய் இழுத்தவர்களுக்கும் ஒரு சென்ட் கிடையாது. வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது, அவர்கள் வேலையிலேயே சேரவில்லையே!

இப்போதும் நிலைமை முழுசாக மாறிவிடவில்லை. கொடுக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது, கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. பெரிய கான்ஃபரன்ஸ்களில் மூன்றாவது அசிஸ்டெண்ட் இன்று கௌரவமான சம்பளக்காரர். கீழே இருக்கிற கல்லூரிகளில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதனால் புது கோச் நியமனம் என்று எந்தப் பல்கலைக்கழகமாவது கைகுலுக்கும் படத்தோடு அறிக்கை விட்டால், அங்கே படிக்கிறவர்கள் தயவுசெய்து ஹெட் கோச்சின் கோடியைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். கடைசி அசிஸ்டெண்டுக்கு எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, அந்த வேலைக்கு வெளியே விளம்பரம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.