ஊர் மாறினா ஆள் மாறிடுமா?

எங்க க்ளையன்ட் மினசோட்டாக்காரங்க. நேத்து ராத்திரி கால்ல வேலை முடிஞ்சதும் பேஸ்பால் பேச்சு, எந்த டீமுக்கு யார் ஆல்-டைம் பெஸ்ட்னு. "மினசோட்டா ட்வின்ஸா? ஹார்மன் கில்லப்ரூ!" ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. வால்டர் ஜான்சன் எங்கே போனார் சாமி?

கேட்டா, அவர் மினசோட்டாவுல ஆடவே இல்லையாம். எப்படி ஆடுவார்? 1907லேர்ந்து 1927 வரை அவர் பந்து போட்டது வாஷிங்டன் செனட்டர்ஸுக்கு. அந்த டீம்தான் 1961ல மூட்டை கட்டிக்கிட்டு மினசோட்டா போய் ட்வின்ஸ் ஆச்சு. 417 வெற்றி. எதிரணிக்கு ஒரு ரன்கூட விடாம முடிச்ச ஆட்டம் 110. அதை இன்னிக்கு வரைக்கும் யாரும் தொடலை. 1924 வேர்ல்டு சீரிஸ்ல ரெண்டு ஆட்டம் தோத்தார், ஒத்துக்கறேன். ஆனா கடைசி ஆட்டத்துல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல வந்து, பன்னிரண்டாவது வரை நின்னு ஜெயிச்சவரும் அவரே. அந்தக் கோப்பையை 1987, 1991 கூடச் சேர்த்து ட்வின்ஸ் கணக்குல மூணுன்னு எழுதறீங்க. கோப்பை வேணும், ஆள் வேணாமா?

கில்லப்ரூ லேசுப்பட்டவர் இல்லை, மொத்தம் 573 ஹோம் ரன். ஆனா அவரே டீமோட வாஷிங்டன்லேர்ந்து வந்தவர்தானே!

ஜாக்கி ராபின்சன் ஆடினது ப்ரூக்ளின்ல. டாட்ஜர்ஸ் 1958ல லாஸ் ஏஞ்சலஸ் போறதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டார். அவரை அந்த ஊர்க்காரங்க விட்டுக் கொடுப்பாங்களா?

புனேல பொறந்த என் பையன், ஸ்கூல் ஃபாரத்துல நேட்டிவ் பிளேஸ்னு தஞ்சாவூரைத்தான் எழுதறான் :-)

ட்வின்ஸுக்கு ஜான்சன்தான். கில்லப்ரூ ரெண்டாவது. அடுத்த கால்லயும் இதையேதான் சொல்லப் போறேன்.