விற்றது எவ்வளவு? மிஞ்சியது எவ்வளவு?

ஜப்பான் நாட்டில் "கேனன்" என்று ஒரு கம்பெனி இருக்கிறது. காமிரா செய்வதில் பெயர் பெற்ற கம்பெனி. காமிராவோடு அது நிற்கவில்லை. ஆபீசுகளில் நகல் எடுக்கும் எந்திரம் செய்கிறது. அச்சடிக்கும் எந்திரம் செய்கிறது. ஆஸ்பத்திரிகளில் உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் எந்திரமும் செய்கிறது. உலகம் எங்கும் விற்கிறது.

2024-ஆம் ஆண்டில் இந்தக் கம்பெனியின் விற்பனை எவ்வளவு தெரியுமா?

4 லட்சத்து 50 ஆயிரத்து 980 கோடி யென்! (யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம்.)

கம்பெனி தொடங்கிய நாள் முதல் அதுவரை ஒரே ஆண்டில் இவ்வளவு விற்றதே இல்லை. அதற்கு முன் மிக அதிகமாக விற்ற ஆண்டு 2007. அந்த ஆண்டு விற்பனை 4 லட்சத்து 48 ஆயிரத்து 130 கோடி யென். 17 ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய எல்லையைத் தாண்டியது.

"பலே!" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். நாம் பார்த்தது கணக்கின் முதல் வரி. கடைசி வரியையும் பார்த்துவிடுவோம்.

கடைசி வரி

செலவு, சம்பளம், வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் லாபம். 2007-ஆம் ஆண்டில் கேனனுக்கு மிஞ்சிய லாபம் 48 ஆயிரத்து 830 கோடி யென். 2024-ஆம் ஆண்டில் மிஞ்சியது 16 ஆயிரம் கோடி யென்.

இன்னும் எளிதாகச் சொல்லலாம். 2007-ல் 100 யெனுக்கு விற்றால் ஏறக்குறைய 11 யென் பையில் தங்கியது. 2024-ல் 100 யெனுக்கு விற்று மூன்றரை யென்தான் தங்கியது.

விற்பனை ஏறியது. லாபம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது!

ஏன் இப்படி?

2016-ஆம் ஆண்டில் கேனன் இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்கியது. அது தோஷிபாவின் மருத்துவக் கருவிக் கம்பெனி. விலை 66 ஆயிரம் கோடி யெனுக்கு மேல்.

ஒருவர் ஓடுகிற கடை ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடையில் உள்ள சரக்குக்கு விலை கொடுப்பார். மேசை, தராசு, அலமாரிக்கு விலை கொடுப்பார். அதோடு விட முடியுமா? "நல்ல பெயர் எடுத்த கடை, வாடிக்கை உள்ள கடை" என்று அதற்கும் ஒரு தொகை கொடுப்பார். அந்தத் தொகையைக் கையால் தொட முடியாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதி வைப்பார்.

கேனனும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. 2024-ல் கணக்குப் பார்த்தபோது, "நினைத்த அளவு வருமானம் வராது, எழுதி வைத்த மதிப்பு அதிகம்" என்று தெரிந்தது. உடனே 16 ஆயிரத்து 500 கோடி யெனுக்கு மேல் கழித்து எழுதிவிட்டார்கள். அந்தப் பணம் 2024-ல் பெட்டியிலிருந்து போனதல்ல. விலை கொடுத்த அன்றே போன பணம். அது முழுதாகத் திரும்பி வராது என்பதை 2024-ல் ஒப்புக் கொண்டார்கள்.

இந்தக் கழிவு இல்லாவிட்டால் லாபம் இரண்டு மடங்காக இருந்திருக்கும். அப்போதும் 2007-ஆம் ஆண்டு லாபத்தை எட்டியிருக்காது.

பணத்தின் எடை

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேனன் தன் சரக்கில் பெரும் பகுதியை வெளிநாடுகளில் விற்கிறது. டாலரிலும் மற்ற நாட்டுப் பணத்திலும் வருகிற தொகையை யெனாக மாற்றிக் கணக்கு எழுதுகிறது.

2007-ல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 118 யென் கிடைத்தது. 2024-ல் 150 யெனுக்கு மேல் கிடைத்தது. அதே டாலர்தான், ஆனால் யென் கணக்கில் கூடுதலாகத் தெரியும்.

மொத்த விற்பனையையும் டாலரில் எண்ணிப் பாருங்கள். 2007-ல் ஏறக்குறைய 3,800 கோடி டாலர். 2024-ல் ஏறக்குறைய 3,000 கோடி டாலர். யெனில் ஏறிய விற்பனை டாலரில் இறங்கியிருக்கிறது. படி சிறியதானால் அளக்கும் நெல் அதிகமாகத்தான் தெரியும்!

அப்படியானால் பெருமையே இல்லையா?

இருக்கிறது. அந்தப் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

1933-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்தில் ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கியது இந்தத் தொழில். தொடங்கியவர்களில் ஒருவர் கோரோ யோஷிடா. அந்த நாளில் ஜெர்மன் நாட்டு லைக்கா காமிரா யானை விலை. யோஷிடா அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வைரமா இருந்தது? பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர்! "இதை நாமும் செய்யலாமே!" என்ற துணிவு அவருக்குப் பிறந்தது. முதல் மாதிரிக் காமிராவுக்கு "குவானன்" என்று பெயர் வைத்தார்கள். அது புத்த சமயத்தார் வணங்கும் கருணைத் தெய்வத்தின் பெயர். பிறகு அதுவே "கேனன்" ஆயிற்று.

பின்னாளில் கம்பெனியை நடத்தியவர் தக்கேஷி மிதாராய். அவர் ஒரு பிரசவ டாக்டர்! 1967-ஆம் ஆண்டில் கம்பெனி ஒரு கொள்கை வகுத்தது. "வலக் கையில் காமிரா, இடக் கையில் ஆபீஸ் எந்திரம்" என்பது அந்தக் கொள்கை.

இடக் கைதான் பின்னால் காப்பாற்றியது.

டெலிபோனிலேயே காமிரா வந்தது. மக்கள் தனியாகக் காமிரா வாங்குவதை விட்டார்கள். 2010-ஆம் ஆண்டில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. நூறு காமிரா விற்ற இடத்தில் ஆறு, ஏழு! பிலிம் விற்று உலகை ஆண்ட கோடாக் கம்பெனி, 2012-ல் கடனுக்குப் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது.

கேனனும் அடிபட்டது. 2020-ல் விற்பனை 3 லட்சத்து 16 ஆயிரம் கோடி யெனாக விழுந்தது. ஆனால் படுத்துவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு விற்பனையில் பாதிக்கு மேல் அச்சு எந்திரங்களும் நகல் எந்திரங்களும் சேர்ந்த பிரிவில் வந்தது. காமிராப் பிரிவில் வந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஒரே தொழிலை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விழுந்தபின் எழுந்ததே பெருமை. "எங்கள் கணக்குத் தப்பிவிட்டது" என்று ஊரறிய எழுதியது ஒழுங்கு. விற்பனைத் தொகை இவற்றுக்குப் பிறகுதான்.

நமக்கு என்ன?

"எங்கேயோ ஜப்பானில் நடக்கிற வியாபாரம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். விற்பனை பெருகியது என்ற செய்தி எல்லா நாட்டிலும் கொட்டை எழுத்தில் வருகிறது. லாபம் சுருங்கியது என்பது சின்ன எழுத்தில் வருகிறது. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கம்பெனிகளும் பத்திரிகைகளும் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும். அதுதான் நேர்மை.

படிக்கிறவர்களும் ஏமாறக் கூடாது. "ஓஹோ என்று வியாபாரம்! பணம் போடுங்கள்!" என்று யாராவது உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், மூன்று கேள்வி கேளுங்கள்.

விற்றது போக மிஞ்சியது எவ்வளவு?

எந்தப் பணத்தில், எந்த விலைவாசியில் எண்ணிய கணக்கு?

இந்தத் தொழில் படுத்தால், தாங்கிப் பிடிக்க மறு கை இருக்கிறதா?

மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், பணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்!