டோங்காஸ் காடு: மரம் நின்றால்தான் மீன் வரும்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தென்கிழக்கில் உள்ள டோங்காஸ், அந்நாட்டின் மிகப்பெரிய தேசியக் காடு. பரப்பு சுமார் 1.67 கோடி ஏக்கர். ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், சிடார் மரங்கள் பல நூறு ஆண்டுகளாக நிற்கும் மழைக்காடு இது.

இதில் 90 லட்சம் ஏக்கருக்கும் மேலான பகுதியில் சாலை போடவும் மரம் வெட்டவும் 2001-ஆம் ஆண்டு விதி ஒன்று தடை விதித்தது. 2020-இல் டோங்காஸுக்கு விலக்கு தரப்பட்டது. 2023-இல் பாதுகாப்பு திரும்பியது. பின்னர் அந்த விதியையே நீக்கப்போவதாக அமெரிக்க வேளாண் அமைச்சர் ப்ரூக் ராலின்ஸ் 2025 ஜூனில் அறிவித்தார்.

அங்குள்ள மீனவர்கள் பலர் இதற்கு அஞ்சுவது ஏன்?

சால்மன் மீன் காட்டு ஓடைகளின் சரளைக் கற்களுக்கிடையே முட்டையிடுகிறது. குஞ்சுகள் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஓடைக்கே வருகின்றன.

* மர நிழல் ஓடை நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது.
* ஓடையில் விழுந்த பெருமரங்கள் மடுக்களை உண்டாக்குகின்றன. குஞ்சுகள் அங்கே ஒதுங்குகின்றன.
* சரிவில் சாலை வெட்டினால் மண் அரித்து வண்டல் படியும். முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.
* சாலைக்கு அடியில் குழாயை உயரமாகப் பதித்தால் மீன் ஏற முடியாது.

கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் உண்டு. கரடிகள் இழுத்துப் போட்டுவிட்டுப் போகும் மீன்கள் மட்கி, கடலின் தழைச்சத்தை மரங்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

ட்லிங்கிட், ஹைடா, சிம்ஷியன் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சால்மனைப் புகையூட்டிக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். காடு போனால் அவர்களுடைய உணவும் போகும்.

காட்டுத்தீயைத் தடுக்கவும் மர உற்பத்தியைப் பெருக்கவும் சாலை தேவை என்கிறது அரசு. வறண்ட காடுகளுக்குத் தீ பற்றிய வாதம் ஓரளவு பொருந்தலாம். ஆண்டு முழுதும் நனைந்து கிடக்கும் டோங்காஸுக்கு அது வலுவாகப் பொருந்தாது. வேலைவாய்ப்பிலும் அப்பகுதியில் மரத்தொழிலைவிட மீன்பிடித் தொழிலும் சுற்றுலாவும் பல மடங்கு பெரியவை. வெட்டிய மரத்தின் வருமானம் ஒருமுறை வரும். ஓடை கெடாதிருந்தால் மீன் ஆண்டுதோறும் வரும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. டோங்காஸில் முக்கிய சால்மன் ஓடைகளின் இரு கரையிலும் குறைந்தது 100 அடிக்கு வணிக மரவெட்டு கூடாது என 1990-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஓடையை ஒட்டி நிலம் உள்ளவர்கள் கரை வரை உழாமல், மரமும் புல்லும் உள்ள ஒரு பட்டையை விட்டுவையுங்கள். மேல்மண் நிலத்திலேயே தங்கும், ஓடையும் தூராது.