சங்கிலி வேண்டாம், சிகிச்சை கொடு!

சகோதரனே! கல்லாவில் உட்கார மனமில்லாமல் உன் அண்ணன் முடங்கிக் கிடக்கிறாரா? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு! இது சோம்பலும் அல்ல, ஈமான் குறைவும் அல்ல. மனச்சோர்வு என்னும் நோயின் அறிகுறி.

சர்க்கரைக்கு மாத்திரை விழுங்க வெட்கப்படாத நாம், இதை மட்டும் ஏன் மூடி மறைக்கிறோம்? ஜின் என்று சொல்லிக் கட்டிப் போட்டதன் விலை என்ன? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் தவிக்க, 28 பேர் மாண்டார்களே! 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. நம் மனம் மாறிவிட்டதா?

துஆ செய், அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போ. 14416-க்குப் பேசினால் கட்டணமின்றி ஆலோசனை உண்டு. சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விடாதே!