எஃப் கார்டு வந்தா கிடாரை விட்டுடணுமா?

நம்ம படப்பையில் ஆசையா வாங்கிய கிடார்கள் பல, 'எஃப்' கார்டு வந்ததும் பீரோ மேல ஏறிவிடுகின்றன. "என் விரல் சின்னது" என்று காரணம் வேறு! நான் ஒத்துக்க மாட்டேன். 1928-ல் தீ விபத்தில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கின. அதற்குப் பிறகுதான் உலகப்புகழ் பெற்றார்.

பிரச்சினை விரலில் இல்லை, இடத்தில். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்தணும். முதல் ஃப்ரெட்டில் கம்பி ரொம்ப விறைப்பு. அதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்க (அங்கே அது 'ஏ' கார்டு), சுலபமா பேசும். அப்புறம் ஒவ்வொரு ஃப்ரெட்டாக முதல் ஃப்ரெட்டுக்கு வாங்க. விரலின் ஓரத்தால் அழுத்துவது நல்லது. ஆண்டு விழா நெருங்கிடுச்சா? மெல்லிய நாலு கம்பியில் மட்டும் சின்ன 'எஃப்' பிடிச்சா போதும். அதை ஏமாத்து வேலைன்னு சொல்றவங்களை நான் மதிக்கிறதில்லை.

ஆனா நைட் ஷிப்ட் முடிஞ்சு அப்பா தூங்கும்போது மொட்டை மாடிக்குப் போயிடுங்க!