இரும்பை அறுக்கும் ஒளி! கண்ணைக் காப்பது யார்?

மெல்லிய கண்ணாடி இழை. அதில் "இட்டர்பியம்" என்ற உலோகம் துளி கலந்திருக்கிறது. உள்ளே ஒளி பாய்ச்சினால் பலம் பெற்று, லேசர் கதிராக வெளிவருகிறது. இரும்பை அறுக்கிறது, ஒட்டுகிறது! 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி எலையாஸ் ஸ்னிட்சர் தொடங்கி வைத்த வித்தை இது. இன்று கையில் பிடித்துப் பற்றவைக்கும் கருவியாகவே கிடைக்கிறது.

தேனி, போடி, கம்பம் பட்டறைக்காரர்களுக்கும் ஆசை வரும். எவர்சில்வர் வேலை சீக்கிரம் முடியுமே! ஆனால் ஓர் ஆபத்து. பழைய வெல்டிங்கில் வெளிச்சம் கூசும். பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக் கொள்வார். இந்தக் கதிரோ கண்ணுக்கே தெரியாது. பளபளக்கும் தகட்டில் பட்டுத் தெறித்தால் விழித்திரையைச் சுட்டுவிடும். போன பார்வை திரும்பாது.

பழைய கறுப்புக் கண்ணாடியை நம்பக்கூடாது. இந்தக் கதிருக்கென்றே செய்த கண்ணாடி உண்டு. லட்சக்கணக்கில் கருவி வாங்கும் முதலாளி, அதையும் சேர்த்தே வாங்க வேண்டும். வேலையாளுக்கு ஒன்று, கூட நிற்பவருக்கும் ஒன்று. சுற்றிலும் மறைப்பும் தேவை.