உம்மாவின் சேலையில் ஒரு குளிர்ப் போர்வை



அலுமாரியின் அடித்தட்டில் உம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் மடித்தபடியே கிடக்கின்றனவா? உடுக்கவும் முடியாது, கொடுக்கவும் மனம் வராது. இம்முறை அவற்றைக் கொண்டு, அடியில் பிளீஸ் துணி வைத்து, ஒரு போர்வை தைப்போம்.

கடைத்துணி பழுதானால் இன்னொரு யார் வாங்கலாம். உம்மாவின் சேலையை மீண்டும் வாங்க முடியாது. ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

தேவையானவை: பருத்திச் சேலை 2, பிளீஸ் 2 யார் (58 முதல் 60 அங்குல அகலம்), பொலியெஸ்டர் நூல், 14ஆம் நம்பர் ஊசி. பிளீஸே சூடு தருவதால் நடுவில் பஞ்சு வேண்டாம்.

சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடங்களை விட்டுவிடுங்கள். கழுவிக் காய வைத்து, 10½ அங்குலச் சதுரங்கள் 30 வெட்டுங்கள். கால் அங்குலம் விட்டு, வரிசைக்கு 5 வீதம் 6 வரிசைகளாக இணைத்துத் தையல்களை அயன் பண்ணுங்கள். பிளீஸ் மீது சூடான அயனை வைக்காதீர்கள், உருகிவிடும்.

இனித்தான் கவனம் தேவை. பிளீஸ் இழுபடும் துணி. முதன்முறை நான் அதைத் தரையில் நன்றாக இழுத்துப் பரப்பிக் குண்டூசி குத்தினேன். தைத்து முடிந்ததும் அது பழைய அளவுக்குச் சுருங்கி, மேல்துணி முழுவதும் சுருக்கம் விழுந்தது. இரண்டு இரவுகள் தையலைப் பிரித்தேன். பழைய துணி இரண்டு இடங்களில் கிழிந்தே போயிற்று.

நீங்கள் பிளீஸை இழுக்காமல், தன் இயல்பில் கிடக்க விடுங்கள். அது மேல்துணியை விட நாற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். 4 அங்குலத்துக்கு ஒன்றாகக் குண்டூசி குத்தி, நூலோட்டமும் போடுங்கள்.

தையலைச் சற்று நீளமாக, 3 முதல் 3½ மில்லிமீற்றர் வரை வையுங்கள். துணியை அமுக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். வோக்கிங் புட் இருந்தால் மிக நல்லது. மேல்துணியும் அடித்துணியும் ஒன்றாக நகரும். முதலில் துண்டுத் துணிகளில் தைத்துப் பாருங்கள். பின்னர் சேலைப் பக்கம் மேலே இருக்க, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, 5 அங்குல இடைவெளியில் நேர்கோடுகளாகத் தையுங்கள். மீதித் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தொங்கினால் தையல் கோணும். இடையிடையே பொபின் பகுதியில் சேரும் பஞ்சைத் தூரிகையால் துடையுங்கள்.

பிளீஸ் நூல் பிரியாது. ஓரத்தில் 1 அங்குலம் விட்டு வெட்டி, மேற்பக்கம் ஒரே மடிப்பாக மடித்து, சிக்ஸாக் தையல் போட்டால் போதும்.

ஓர் எச்சரிக்கை: ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்த வேண்டாம், மூச்சை அடைக்கக்கூடும். அடுப்பு, மெழுகுதிரி அருகிலும் வேண்டாம்.

மலையகக் குளிரில் உம்மாவின் சேலை பேரப்பிள்ளையின் தோளில் கிடக்கட்டும். அலுமாரிக்குள் பூச்சி அரிப்பதை விட அது எவ்வளவோ மேல் அல்லவா?